ஸ்கீமா: சொல்லும் பொருளும்

இரண்டு தரவுத்தளங்களை ஒப்பிடும் கருவியில் இணைப்பு அமைக்கப் போனால், சர்வர் முகவரி, போர்ட் (சர்வரில் இணைய வேண்டிய வாயிலின் எண்), பயனர்பெயர், கடவுச்சொல் என்று கேட்டுக்கொண்டே வந்து, 'ஸ்கீமா' என்ற பெட்டியில் நிறுத்தும். அதில் தரவுத்தளத்தின் பெயரையே போடுபவர்கள் உண்டு, காலியாக விடுபவர்களும் உண்டு. எது சரி என்பது எந்தத் தரவுத்தள மென்பொருள் என்பதைப் பொறுத்தது.

கிரேக்க மொழியில் 'ஸ்கேமா' என்றால் உருவம், வடிவம். 'கொண்டிருத்தல்' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல். திட்டங்களுக்கு நாம் சொல்லும் 'ஸ்கீம்' என்பதும் இதே வேரில் வந்ததுதான். தரவுத்தள உலகில் இதை வேரூன்றச் செய்தது, கணினித் துறைக்குப் பொதுத் தரங்களை வகுத்த கோடாசில் குழு. அதன் 1971 அறிக்கையில் முழுத் தரவுத்தளத்தின் விவரிப்பு ஸ்கீமா. ஒரு நிரலுக்குத் தெரியவேண்டிய பகுதி துணை ஸ்கீமா. ஆக, ஸ்கீமா என்பது தரவு அல்ல. எந்த டேபிளில் என்னென்ன நெடுவரிசைகள், எந்த வகை, என்ன கட்டுப்பாடு என்ற வரையறை. ஒப்பீட்டுக் கருவி பொருத்திப் பார்ப்பதும் இதைத்தான்.

அப்புறம் குழப்பம் தொடங்கியது. ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளும் இந்தச் சொல்லை ஒவ்வொரு பொருளில் எடுத்துக்கொண்டது. மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றே. ஆரக்கிளில் ஒரு பயனருக்குச் சொந்தமான டேபிள் முதலியவற்றின் தொகுப்புதான் ஸ்கீமா. பயனரின் பெயரே அதன் பெயர். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் தரவுத்தளத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவு அது. முன்னதில் 'பப்ளிக்', பின்னதில் 'டிபிஓ' என்று வழக்கமான பிரிவு ஒன்று தயாராகவே இருக்கும். போர்ட் விஷயத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை: மாற்றாமல் விட்டிருந்தால் மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 5432, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521.

இணைப்பு பச்சை காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மைஎஸ்கியூஎல் தன் அமைப்பு விவரங்களைத் தரும்போது, அந்தப் பயனருக்கு உரிமையுள்ள டேபிள்களை மட்டுமே காட்டும். எஸ்கியூஎல் சர்வரும் அப்படியே. உரிமை குறைந்த கணக்கில் இணைத்தால், இருக்கிற டேபிளே 'இல்லை' என்று ஒப்பீட்டில் வரும். அதை நம்பி, இரண்டையும் ஒன்றாக்கக் கருவி உருவாக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) பெரிய வம்பு. மூலம், இலக்கு என்ற இரண்டு இணைப்புகளையும் இடம் மாற்றிக் கொடுப்பது அதைவிட மோசம். பெரும்பாலான கருவிகள் மூலத்தைப் போல இலக்கை மாற்றும். புதிதாகச் சேர்த்த நெடுவரிசை இலக்கில் இருந்தால், அதை நீக்கும் கட்டளையைத்தான் எழுதித் தரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திட்டம்' பொருந்தாது, இனிச் செய்யப்போவதைச் சொல்லும் சொல் அது, ஸ்கீமாவோ இப்போது இருக்கும் வடிவம். 'கட்டமைப்பு' பரவாயில்லை, ஆனால் சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்குப் பிடித்தது 'உருவரை'. கிரேக்க மூலத்தின் 'உரு' இதிலும் இருக்கிறது, கூட்டுச்சொல்லாகவும் எளிதில் வரும்: உருவரை ஒப்பீடு, துணை உருவரை. இணைப்புத் திரையில் கேட்கும் பெட்டிக்கு மட்டும் இது ஒத்துவராது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்றவற்றில் அங்கே கேட்பது வடிவத்தை அல்ல, பெயர்கள் அடங்கிய ஒரு பிரிவை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே புழங்கும் 'பெயர்வெளி' அந்த இடத்துக்குப் பொருந்தும்.