எஸ்எஸ்டி மந்தமாகிவிட்டதா? முதலில் காலி இடத்தையும் டிரிமையும் பாருங்கள்

லினக்ஸ் கணினியில் எஸ்எஸ்டி மெதுவாகிவிட்டது என்று வருகிற புகார்களைப் பிரித்துப் பார்த்தால், பல நேரம் டிரைவில் பழுதே இருக்காது. டிஸ்க் 95 சதவீதம் நிரம்பியிருக்கும், டிரிம் (எந்த இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் வேலை) மாதக்கணக்கில் ஓடியிருக்காது. இந்த இரண்டையும் பார்க்காமலேயே, ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பாதுகாப்புப் பதிவு) நிறுத்து, ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) எடுத்துவிடு, லாக் முழுவதையும் ரேமுக்கு மாற்று என்று எஸ்எஸ்டி புதிதாக வந்த காலத்துக் குறிப்புகளைத் தேடிப் பிடித்து எஃப்எஸ்டாப் கோப்பில் (பார்ட்டிஷன்களை எப்படி மவுன்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு) ஒட்டிவிடுகிறார்கள். அதனால் வேகம் கூடுவதில்லை. ஒருநாள் மின்சாரம் பட்டென்று போகும்போது கோப்புகள்தான் போகின்றன.

காரணம் புரிய வேண்டுமானால் டிரைவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டியில் டேட்டா இருக்கும் நேண்ட் ஃப்ளாஷ் சிப்பில் எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு பக்கம் பொதுவாக 4 முதல் 16 கேபி. அழிப்பதோ பிளாக் பிளாக்காகத்தான் முடியும். ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும், இன்றைய சிப்களில் அது பல எம்பி வரும். எழுதிய பக்கத்தின் மேலேயே திரும்ப எழுதவும் முடியாது. ஆகவே ஒரு கோப்பில் ஒரே வரியைத் திருத்தினாலும் டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழைய பக்கத்தைச் செல்லாதது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு சும்மா இருக்கும் நேரத்தில், செல்லாத பக்கங்கள் நிறைய உள்ள பிளாக்கிலிருந்து மீதி நல்ல பக்கங்களை வேறு இடத்துக்குப் பெயர்த்துவிட்டு, அந்த பிளாக்கை மொத்தமாக அழித்துத் தயாராக வைக்கிறது.

சிக்கல் இங்கேதான். நீங்கள் ஒரு கோப்பை அழிக்கும்போது ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில் மட்டும் அந்த இடத்தைக் காலி என்று எழுதிக்கொள்ளும். டிரைவுக்கு அது தெரியாது. செத்துப்போன டேட்டாவை உயிருள்ளது என்று நினைத்து அது சுமந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் பெயர்த்து எழுதும். நீங்கள் 1 ஜிபி எழுதினால் உள்ளே அதற்கு மேல் பல மடங்கு எழுதப்படும். வேகமும் போகும், ஆயுளும் தேயும். இந்த இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் வேலைதான் டிரிம்.

டிரிம் ஓடுகிறதா?

டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்ட் என்ற தெரிவோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் என்ற இரண்டு நெடுவரிசைகளில் எண் வர வேண்டும். இரண்டும் 0 என்றால் அந்த வழியில் டிரிம் போய்ச் சேரவில்லை. அடுத்து, டிரிமைக் குறித்த நேரத்தில் ஓட்டும் எஃப்எஸ்டிரிம் டைமர் இயங்குகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் மூலம் பாருங்கள். உபுண்டுவில் வாரம் ஒருமுறை டிரிம் ஓடுவது பல வருடமாக இயல்பாகவே உண்டு. ஃபெடோராவில் 2020-இல் வந்த 32-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. ஆர்ச்சில் நீங்களே இயக்க வேண்டும்.

கையால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. எஃப்எஸ்டிரிம் கட்டளைக்கு ஏ, வி என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுத்தால், ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் எத்தனை ஜிபி டிரிம் ஆனது என்று எழுதிக் காட்டும். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் கணினியைத் திறந்ததும் முதல் தடவை ஓட்டினால் காலி இடம் முழுவதும் கணக்கில் வரும். உடனே மறுபடி ஓட்டினால் 0 பைட் என்று வரும். இதைப் பார்த்து டிரிம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஏற்கெனவே சொல்லிவிட்ட பகுதிகளை ஃபைல் சிஸ்டம் நினைவில் வைத்திருக்கிறது. அடுத்து மவுன்ட் ஆகும்வரை அவற்றைத் திரும்பச் சொல்லாது.

எஃப்எஸ்டாப்பில் டிஸ்கார்ட் என்று சேர்ப்பது இன்னொரு வழி. அப்போது ஒவ்வொரு கோப்பை அழிக்கும்போதும் டிரிம் போகும். சில டிரைவ்களில் இது வேலையைத் தடுமாற வைக்கும். எக்ஸ்ட்4-க்கு வாராந்திர டைமரே போதும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் மட்டும் வேறு மாதிரி: கர்னல் 6.2 முதல் அது டிரிமைச் சேர்த்துவைத்துப் பின்னணியில் தானே அனுப்புகிறது.

டிரிம் வழியிலேயே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று லக்ஸ் குறியாக்கம், அதாவது டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டால் பூட்டும் முறை. அது இயல்பில் டிரிமை உள்ளே விடாது, ஏனென்றால் எந்தெந்த இடம் காலி என்பது வெளியே தெரிந்துவிடும். பெரும்பாலான வீட்டு, அலுவலக மடிக்கணினிகளுக்கு அந்தக் கசிவு பெரிய ஆபத்தல்ல. குறியாக்கிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் கிரிப்ட்டாப் கோப்பில் அந்த பார்ட்டிஷனுக்கான வரியின் கடைசியில் டிஸ்கார்ட் சேர்த்து, ரூட் பார்ட்டிஷனாக இருந்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பித்து, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். புதுப்பிக்க மறந்துவிட்டு, மாற்றியும் வேலை செய்யவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய. மற்றொன்று எஸ்எஸ்டியை வெளியே மாட்டும் யூஎஸ்பி பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப் டிரிமைக் கடத்தாவிட்டால், எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியை உள்ளே போட்டாலும் பயனில்லை.

காலி இடம்

மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை எப்போதும் காலியாக விடுங்கள் என்பதுதான் எங்கள் பரிந்துரை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிஎல்சி (ஒரு செல்லில் 3 பிட்), கியூஎல்சி (4 பிட்) வகை டிரைவ்கள் காலி இடத்தில் ஒரு பகுதியை, செல்லுக்கு 1 பிட் மட்டும் எழுதும் எஸ்எல்சி கேஷாகப் பயன்படுத்தி, வருவதை முதலில் அங்கே வேகமாக வாங்கிக்கொள்கின்றன. டிரைவ் நிரம்ப நிரம்ப அந்த கேஷ் சுருங்கும். கியூஎல்சியில் கேஷ் தீர்ந்துவிட்டால், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது சாதாரண ஹார்ட் டிஸ்கைவிட வேகம் கீழே போவதும் உண்டு.

இடத்தைத் தின்பது எது என்று தேட என்சிடியு என்ற கருவி போதும். ரூட் அடைவில் எக்ஸ் தெரிவோடு ஓட்டினால் மற்ற மவுன்ட்களுக்குள் போகாமல் அந்த ஒரு பார்ட்டிஷனை மட்டும் அளக்கும். அளந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும் இடங்கள் இவை. சிஸ்டம்டி ஜர்னல் (கணினியின் லாக் தொகுப்பு; ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் வேறு): வரம்பு சொல்லாவிட்டால் பார்ட்டிஷனில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரும். ஜர்னல்டி அமைப்புக் கோப்பில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ் மதிப்பை 200 அல்லது 300 எம்பி என்று வைத்தால் வீட்டுக் கணினிக்குத் தாராளம். ஆப்ட் இறக்கிவைத்த பழைய பேக்கேஜ்கள்: ஆப்ட் கிளீன் போதும். ஸ்னாப்: ஒவ்வொரு செயலிக்கும் பழைய பதிப்பை வைத்திருக்கும்; ரெஃப்ரெஷ்.ரீடெய்ன் அமைப்பை 2 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே விடாது. ஃபிளாட்பேக்கில் யாரும் பயன்படுத்தாத ரன்டைம்களை நீக்க அதன் அன்இன்ஸ்டால் கட்டளைக்கே அன்யூஸ்ட் என்ற தெரிவு இருக்கிறது. செயலிகளைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்கள் இமேஜ்களை மட்டும் பார்க்கிறார்கள். கன்டெய்னர் லாக்கைப் பார்ப்பதில்லை. இயல்பான ஜேசான் லாக்குக்கு உச்சவரம்பே கிடையாது. டீமன் அமைப்பில் மேக்ஸ்-சைஸ் கொடுக்காவிட்டால் ஒரே கன்டெய்னர் டிஸ்க் முழுவதையும் நிரப்பிவிடும்.

சில சமயம் மொத்த இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லும். கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் டியு கணக்கோ பல ஜிபி குறைவாகக் காட்டும். காணாமல் போன இடம் எங்கே? ஒரு சர்வீஸ் திறந்து வைத்திருக்கும் லாக் கோப்பை யாரோ அழித்திருப்பார்கள். பெயர் போய்விடும், அந்த சர்வீஸ் கையை விடும்வரை இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு +எல்1 கொடுத்தால் அப்படிப்பட்ட கோப்புகள் வரிசையாக வரும். அந்த சர்வீஸை மறுபடி தொடங்கினால் இடம் உடனே கிடைத்துவிடும். பெரிய லாக்கை அழிப்பதைவிட ட்ரங்கேட் கட்டளையால் அளவை 0 ஆக்குவது சரியான பழக்கம்.

எக்ஸ்ட்4 ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கு) 5 சதவீதம் ஒதுக்கி வைக்கும். 500 ஜிபியில் அது 25 ஜிபி. தனியாக ஹோம் பார்ட்டிஷன் இருந்தால் அதில் டியூன்2எஃப்எஸ் மூலம் 1 சதவீதமாகக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் அதைத் தொடாதீர்கள். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் உள்ளே போய்ச் சரிசெய்ய உதவுவது அந்த இடம்தான்.

பேக்கேஜ்களை நீக்கும்போது நிதானம் வேண்டும். டெபியனில் கினோம் என்ற மெட்டா பேக்கேஜோடு (பல பேக்கேஜ்களைச் சேர்த்துக் கட்டும் பேக்கேஜ்) பல செயலிகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் வேண்டாத ஒன்றை நீக்கினால் மெட்டா பேக்கேஜும் சேர்ந்து போகும். அப்போது ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. அடுத்த முறை ஆட்டோரிமூவ் ஓட்டும்போது, இனி யாருக்கும் தேவையில்லை என்று டெஸ்க்டாப்பில் பாதியை அது பட்டியல் போடும்; படிக்காமல் சம்மதம் சொன்னால் கணினியை மறுபடி தொடங்கும்போது கறுப்புத் திரைதான். எதையும் நீக்கும் முன் எஸ் தெரிவோடு ஒத்திகை பாருங்கள். வைத்துக்கொள்ள வேண்டியவற்றை ஆப்ட்-மார்க் கட்டளையால் மேனுவல் என்று குறித்துவிடுங்கள். பைதான்3-ஐ நீக்கி இடம் மிச்சம் பிடிக்க நினைக்கவே வேண்டாம். டிஸ்ட்ரோவின் பாதிக் கருவிகள் அதன் மேல்தான் நிற்கின்றன. பழைய கர்னல்களில் இப்போது ஓடுவதையும் அதற்கு முந்தையதையும் விட்டுவைத்து மற்றவற்றை எடுக்கலாம்.

தொடங்கும் நேரத்தைக் குறைக்க எந்த சர்வீஸ் எத்தனை விநாடி எடுத்தது என்று காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் பட்டியலைப் பார்த்து மேலே உள்ளதையெல்லாம் நிறுத்துவது தவறு. சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. 8 விநாடி எடுத்தது யாரையும் காக்க வைக்காமலும் இருந்திருக்கலாம். கிரிட்டிக்கல்-செயின் என்ற துணைக்கட்டளைதான் உண்மையில் எது எதற்காகக் காத்திருந்தது என்று காட்டும். நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் அங்கே அடிக்கடி நிற்கும். நெட்வொர்க் டிரைவ் எதுவும் மவுன்ட் ஆகாத மடிக்கணினியில் அதை நிறுத்தலாம். மோடம்மேனேஜர், பிரின்டர் இல்லாதவர்களுக்கு அச்சிடும் சர்வீஸான கப்ஸ், பயன்படுத்தாவிட்டால் ப்ளூடூத் ஆகியவையும் அப்படித்தான்.

கை வைக்கக் கூடாதவை

எக்ஸ்ட்4 ஜர்னலை நிறுத்தாதீர்கள். மிச்சமாகும் எழுத்து சொற்பம், இழப்பு பெரிது. கோப்பைப் படித்த நேரத்தை எழுதாமல் விடும் நோஎடைம் போடுவதில் தவறில்லை, ஆனால் 2009-இல் வந்த கர்னல் 2.6.30 முதல் அந்த நேரத்தை எப்போதாவது மட்டும் எழுதும் ரிலேடைம்தான் இயல்பு என்பதால் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்றாக அடுக்குவது) எஸ்எஸ்டிக்கு வேண்டவே வேண்டாம்.

ஸ்வாப்பை முழுக்க எடுத்துவிட்டால், ரேம் நிரம்பும்போது கர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்லும், அல்லது அதற்கு முன் கணினி நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும். ஸ்வாப்பினால் எழுத்து கூடுகிறது என்ற கவலை இருந்தால் இசட்ரேம் போடுங்கள். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். ஃபெடோரா 33-இலிருந்து இயல்பாகவே இருக்கிறது. இசட்ரேமோடு ஸ்வாப்பினஸ் (கர்னல் ஸ்வாப்பை எவ்வளவு நாடும் என்ற அளவு) மதிப்பை 10-க்கு இறக்கும் பழைய அறிவுரை பொருந்தாது. இயல்பான 60-ஐவிட ஏற்றி 100-க்கு மேல் வைப்பதுதான் சரி, கர்னல் 5.8 முதல் 200 வரை ஏற்கும்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம். என்விஎம்இ வகை டிரைவில் அதன் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் என்று ஒரு எண்ணைக் காட்டும். ஒரு யூனிட் 5,12,000 பைட். எண் 4 கோடி என்றால் இதுவரை எழுதியது 20.48 டிபி. சாம்சங் 970 ஈவோ பிளஸ் 500 ஜிபி டிரைவுக்கு உத்தரவாதம் 300 டிபி எழுதும்வரை. இரண்டு வருடத்தில் 20.48 டிபி எழுதியிருந்தால் மீதி எல்லையைத் தொட இன்னும் 27 வருடம் ஆகும். எண் சந்தேகமாக ஏறினால் ஐஓடாப்பை ஏ, ஓ தெரிவுகளோடு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எழுதிக் குவிக்கும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் பர்சென்டேஜ் யூஸ்ட் (தேய்ந்த ஆயுள்), அவைலபிள் ஸ்பேர் (மீதி உதிரி இடம்), மீடியா எரர் (டேட்டா பிழைகள்) மூன்றையும் மாதம் ஒருமுறை பாருங்கள். மீடியா எரர் 0-இலிருந்து நகர்ந்தால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள்.

டிரைவைத் திடீரென்று சாகடிப்பதில் அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கும் பங்கு உண்டு. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் (சர்வர்களுக்கானவை) 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும், டேட்டாவும் திரும்பாது என்று அறிவித்து ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. ஒரே நாளில் வாங்கி ரெய்டில் (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போட்டவை ஒரே நேரத்தில் போகும் என்பது அதன் கொடுமை. எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் கட்டளையால் உங்கள் டிரைவுக்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாத் தயாரிப்பாளர்களும் அதில் இல்லை, இல்லாவிட்டால் அவர்கள் தளத்தில் தேடுங்கள்.

டிரிம் போன பிறகு அழித்த கோப்பை மீட்பு மென்பொருளால் எடுக்க முடியும் என்று நம்பாதீர்கள். பேக்கப் வேறொரு டிரைவில் இருக்க வேண்டும். அதே சமயம், பழைய எஸ்எஸ்டியை மற்றவருக்குக் கொடுக்கும்போது கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளையை நம்புவதும் தவறு. கன்ட்ரோலர் புதுப் பக்கங்களில் எழுதிவிட்டுப் பழையதை எங்கோ வைத்திருக்கும். என்விஎம்இ டிரைவுக்கு என்விஎம்இ ஃபார்மட் கட்டளையில் எஸ்இஎஸ் மதிப்பை 1 என்று கொடுங்கள். சாட்டா டிரைவுக்கு எச்டிபார்மில் செக்யூரிட்டி எரேஸ் உண்டு. டிரைவ் ஃப்ரோசன் (பாதுகாப்புக் கட்டளைகளை ஏற்காத நிலை) என்று காட்டினால் கணினியை ஒருமுறை சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். அழிப்பதற்கு முன் தற்காலிகமாக வைக்கும் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேலை பாதியில் நின்றால் டிரைவ் அந்த பாஸ்வேர்டோடு பூட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த வேலையை யூஎஸ்பி பெட்டி வழியாகச் செய்யாமல், மதர்போர்டின் சாட்டா இணைப்பில் நேரடியாக மாட்டிச் செய்ய வேண்டும்.