வெள்ளைக்கல், மக்னீசியம், வெளிமம்

சேலம் ஜங்ஷனைத் தாண்டி மாமாங்கம், செட்டிச்சாவடிப் பக்கம் போனால் மண் வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். சேர்வராயன் மலையடிவாரத்தின் இந்தக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் சாக் ஹில்ஸ். சுண்ணக்கட்டிக் குன்று என்று பொருள். பார்வைக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் வேதியியல்படி தவறு. சுண்ணக்கட்டி கால்சியம் கார்பனேட். இங்கே வெட்டியெடுப்பது மக்னீசியம் கார்பனேட், அதாவது மக்னசைட். ஊரில் அதை வெள்ளைக்கல் என்பார்கள்.

மக்னீசியம் என்பது 12 என்ற அணு எண்ணைக் கொண்ட தனிமம். வெள்ளிநிற உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் அளவுள்ள துண்டு 1.74 கிராம்தான் இருக்கும். அதே அளவு அலுமினியம் 2.7 கிராம். இயற்கையில் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. கல்லிலும் கடல்நீரிலும் வேறொன்றோடு சேர்ந்தே இருக்கும்.

பெயர் வந்த வழி சுவையானது. கிரேக்க நாட்டில் தெசலிப் பகுதியைச் சேர்ந்த நிலப்பரப்பு ஒன்றுக்கு மக்னீசியா என்று பெயர். அந்தப் பெயரை ஒட்டிப் பழங்காலத்தார் பல கற்களை அழைத்தார்கள். இரும்பை இழுத்த கல்லின் பெயர் மேக்னெட் ஆயிற்று. கறுப்பு மக்னீசியா என்று சொல்லப்பட்டதிலிருந்து மாங்கனீசு என்ற பெயர் பிறந்தது. வெள்ளை மக்னீசியாவின் வழியில் வந்தது மக்னீசியம். ஒரே ஊர்ப்பெயர், மூன்று வேறு பொருள்கள். 1755-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் வெள்ளை மக்னீசியாவும் சுண்ணாம்பும் வேறு வேறு என்று காட்டினார். 1808-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி உலோகத்தைப் பிரித்தபோது அதற்கு முதலில் மேக்னியம் என்றே பெயரிட்டார். மக்னீசியம் என்ற பெயர் அதற்குள் மாங்கனீசு உலோகத்துக்கு வழங்கத் தொடங்கியிருந்ததுதான் காரணம். அப்புறம் மக்னீசியம் என்பதே நிலைத்துவிட்டது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு செய்தி உண்டு. நகருக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலையின் இரும்புத்தாதுவுக்குப் பெயர் மேக்னடைட். வெள்ளைக்கல் மக்னசைட், கஞ்சமலைக் கல் மேக்னடைட். இரண்டு பெயர்களும் அதே கிரேக்க நிலத்திலிருந்து வந்தவை. ஆனால் மேக்னடைட் இரும்பின் ஆக்சைடு, அதில் மக்னீசியத்துக்கு இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெயர்களே அப்படி அமைந்திருக்கின்றன. தமிழில் காந்தக்கல், வெள்ளைக்கல் என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கே வழியில்லை.

இந்த ஒரு தனிமத்தைப் படிக்கிறவர்கள் எத்தனை துறைகளில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நிலவியலாளருக்கு அது பாறையில் ஓடும் வெள்ளை நரம்பு. மக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறையைக் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் அரித்து, விரிசல்களில் மக்னசைட்டாகப் படியவைத்திருக்கிறது. சூளையில் வேலை செய்பவருக்கு அது எடை குறையும் கல். 100 கிலோ தூய மக்னசைட்டைச் சுட்டால் 52 கிலோ காற்றாகப் போய்விடும், மீதி 48 கிலோ மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு. அதை மேலும் கடும் வெப்பத்தில் இறுகச் சுட்டுச் செங்கல்லாக்கி எஃகு உலைகளின் உட்சுவரில் பதிக்கிறார்கள். மக்னீசியா உருக 2,800 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும், எஃகு 1,500 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். சேலத்து வெள்ளைக்கல்லின் பெயர் நிலைத்தது இந்தச் செங்கல்லால்தான், உலோகத்தால் அல்ல.

பொறியாளருக்கு அது எடை குறைந்த உலோகக் கலவை. தீயணைப்பு வீரருக்கோ எச்சரிக்கை: எரியும் மக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் மூளும், கார்பன் டை ஆக்சைடிலும் அது அணையாமல் எரியும். ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயிக்கு உரக்கடையில் வாங்கும் மக்னீசியம் சல்பேட். அடியிலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளானால் இந்தச் சத்துக்குறைவைச் சந்தேகிக்கலாம். ஏனென்றால் இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. நம் இரத்தத்தின் சிவப்புப் பொருளிலும் இதைப் போன்ற வளையம் உண்டு, அதன் நடுவில் இருப்பது இரும்பு. பிரசவ வார்டில் அதே மக்னீசியம் சல்பேட் ஊசி கர்ப்பகால வலிப்பைத் தடுக்கிறது. வளர்ந்தவர் உடம்பில் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வெளிமம் என்று ஒரு சொல் இருக்கிறது. வெள்ளை, வெள்ளி, வெளிச்சம் ஆகிய சொற்களின் வேரான ‘வெள்’ளோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். வெள்ளைக் கல்லில் இருப்பதும், கண் கூசும் வெள்ளொளியோடு எரிவதுமான பொருளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஈறும் தனிமம், கனிமம், கரிமம் ஆகியவற்றோடு ஒத்துப்போகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் உரக்கடையிலும் மருந்துச் சீட்டிலும் மக்னீசியம் என்றே எழுத வேண்டும். அங்கே சொல் புரியாமல் போனால் பயிரும் உயிரும் பாதிக்கப்படும். கட்டுரையிலும் பாடத்திலும் முதல் முறை ‘வெளிமம் எனப்படும் மக்னீசியம்’ என்று சேர்த்து எழுதிவிட்டு, பிறகு வெளிமம் என்றே தொடரலாம். சுட்ட தூளை மக்னீசியா என்பதைவிட வெளிம ஆக்சைடு என்றால் உறவு தெளிவாகும். தாதுவுக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டாம், வெள்ளைக்கல் இருக்கிறது.