சபோட்டாஜ்: நாசவேலை மட்டும்தானா?

தண்டவாளத்தின் குறுக்கே ஒரு பாறாங்கல் கிடந்தால் போதும், மறுநாள் நாளிதழில் 'நாசவேலையா?' என்று கொட்டை எழுத்தில் கேட்டுவிடுவார்கள். சபோட்டாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட நேர்ச்சொல் அது. காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அது பொருந்தும். ஆனால் இந்தச் சொல்லைத் தொழிற்சங்க மேடைக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுத் தொழிற்சங்கவாதி எமில் பூஜே நினைத்த பொருள் வேறு. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பழமொழி இருக்கிறது: காசுக்கேற்ற தோசை.

முதலில் வேரைப் பார்ப்போம். 'சபோ' என்பது ஒரே மரக்கட்டையைக் குடைந்து செய்த, பாதம் முழுவதையும் மூடும் செருப்பு. பிரெஞ்சு உழவர்களும் ஏழைகளும் அணிந்தது. தொழிலாளர்கள் கோபத்தில் இந்தச் செருப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்தார்கள், அதிலிருந்து சபோட்டாஜ் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. 'சபோத்தே' என்ற வினைச்சொல்லுக்கு மரச்செருப்பால் ஓசை எழுப்புவது என்றும், பேச்சு வழக்கில் வேலையை ஏனோதானோவென்று செய்து கெடுப்பது என்றும் பொருள் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு அகராதிகளில் சபோட்டாஜ் என்பது மரச்செருப்பு செய்யும் தொழில். தண்டவாளம் சரியாக உட்காரும்படி அடிக்கட்டைகளைச் செதுக்கும் வேலைக்கும் ரயில்வேயில் அதே பெயர்தான். ரயிலை ஓடவைக்கும் வேலையின் பெயர், பிற்பாடு ரயிலைக் கவிழ்ப்பதற்கு வந்து சேர்ந்தது.

இனி பூஜே. 1860-இல் தெற்கு பிரான்சின் அவேரோன் பகுதியில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே குடியரசுக் கொள்கைக்காகக் கையெழுத்து இதழ் நடத்தியவர். குடும்பம் நொடித்ததும் பாரிசுக்கு வந்து ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1879-இல் கடை ஊழியர் சங்கம் ஒன்றை உருவாக்கக் கைகொடுத்தார். சங்கங்களைச் சட்டம் அங்கீகரித்தது 1884-இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1883 மார்ச்சில் வேலையில்லாதோர் ஊர்வலம் ஒன்றில், அரசே கூடாது என்ற அராஜகவாதி லூயிஸ் மிஷேலுடன் நடந்தார். வழியில் ரொட்டிக்கடைகள் சூறையாடப்பட்டன. பூஜேக்கு எட்டு ஆண்டு தண்டனை கிடைத்தது. மூன்று ஆண்டுக்குப் பின் விடுதலை ஆனார்.

1889-இல் 'பேர் பெனார்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி உலக நடப்பைப் பார்த்து வாராவாரம் பொருமுவதாக அமைந்த இதழ் அது. முழுக்க முழுக்கப் பாரிஸ் தெருப்பேச்சில் எழுதினார். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். பட்டறைக்காரர்கள் விரும்பிப் படித்தார்கள். 1894-இல் அராஜகவாதிகள்மேல் அடக்குமுறை இறுகியபோது லண்டனுக்குத் தப்பினார். அங்கே பிரிட்டிஷ் சங்கங்கள் கையாண்ட, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும் உத்தியை நெருங்கிப் பார்த்தார்.

அந்த உத்திக்குக் கிளாஸ்கோ துறைமுகத்தில் நடந்ததைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1889-இல் சுமைதூக்கும் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் வயல்வேலைக்காரர்களைக் கூட்டிவந்து மூட்டைகளைத் தூக்கவைத்தார்கள். பழக்கமில்லாத கைகள், வேலை தடுமாறியது. ஆனாலும் முதலாளிகள் வாயாரப் பாராட்டினார்கள். போராட்டம் தோற்றது, தொழிலாளர்கள் பழைய கூலிக்கே திரும்பினார்கள். சங்கச் செயலாளர் அவர்களிடம் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: வயல்வேலைக்காரர்களின் வேலை திருப்தி என்று முதலாளியே சொல்லிவிட்டார், நீங்களும் அவர்களைப் போலவே செய்யுங்கள். சில நாட்களிலேயே கூலி உயர்ந்தது.

பிரான்சின் பொதுத் தொழிலாளர் கூட்டமைப்பு 1895-இல் உருவானது. அதன் 1897 துலூஸ் மாநாட்டில் பூஜேயும் இன்னொரு தொழிற்சங்கவாதியான பால் தெலசாலும் பங்கெடுத்த குழு, புறக்கணிப்பையும் சபோட்டாஜையும் போராட்ட முறைகளாக முன்வைத்தது. மாநாடு ஏற்றுக்கொண்டது. 'மோசமான கூலிக்கு மோசமான வேலை' என்பதே அதன் சூத்திரம். பின்னர் பூஜே கூட்டமைப்பின் துணைச் செயலாளரானார், 1900-இல் தொடங்கிய அதன் வார இதழுக்கும் ஆசிரியரானார். எட்டு மணி நேர வேலைக்காக 1906 மே தினத்தை ஒட்டி நடந்த பெரும் இயக்கத்தின் பிரசாரத்தை முன்நின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு சங்கம் கட்சிகளிலிருந்து விலகி நிற்கும் என்று அறிவித்த அமியான் சாசனத்திலும் அவர் கை உண்டு.

சபோட்டாஜ் பற்றித் தனியாக ஒரு சிறுநூலும் எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது 'திறந்த வாய்' முறை. கடை ஊழியர் எதையும் உடைக்க வேண்டாம், பண்டத்தில் என்ன கலப்படம் என்று வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னால் போதும். இன்னொன்று, இத்தாலிய ரயில்வே தொழிலாளர்கள் 1905-இல் செய்தது: விதிப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு விதியையும் எழுத்து பிசகாமல் பின்பற்றினார்கள், ரயில்கள் நின்றுபோயின. அடி முதலாளியின் பணப்பையில் விழ வேண்டும், வாங்குபவர் மேல் விழக்கூடாது என்று பூஜே கறாராகச் சொன்னார். பாலில் தண்ணீர் ஊற்றும் வியாபாரிதான் அசல் சபோட்டாஜ்காரர் என்று திருப்பியும் அடித்தார். அதே சமயம் இயந்திரத்தை முடக்குவதையும் அவர் விலக்கி வைக்கவில்லை. பூஜேயை வெறும் சாதுவாக்கினால் அதுவும் பொய்யாகும்.

சொல்லின் நிறம் மாறியது 1910 அக்டோபரில். பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தத்தில் சிக்னல் கம்பிகள் வெட்டப்பட்டன. பிரதமர் பிரியான் தொழிலாளர்களை ராணுவப் பணிக்கு அழைத்து போராட்டத்தை உடைத்தார். செய்தியோடு சொல்லும் ஆங்கில இதழ்களுக்குள் நுழைந்தது. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு பாலம் தகர்ப்பு, கிடங்கு எரிப்பு என்ற பொருளே மேலோங்கியது. அதற்கு வெகு முன்பே பூஜே சங்கப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கிவிட்டிருந்தார்; 1931-இல் காலமானார்.

ஆகவே தமிழில் ஒரே சொல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. குண்டு, தீ, தண்டவாளம் என்றால் நாசவேலை. கூட இருந்தே ஒருவர் திட்டத்தைக் கவிழ்த்தால் குழிபறிப்பு. இதைவிடத் துல்லியமான சொல் பிரெஞ்சிலும் கிடைக்காது. விதிகளைக் காட்டி வேலையைத் தேக்கினால் விதிப்படி வேலை. பூஜேயின் காலத்துச் சங்க வரலாற்றை எழுதும்போது மட்டும் சபோட்டாஜ் என்றே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் 'வேலைக்கெடுப்பு' என்று விளக்கம் தரலாம். அந்த இடத்தில் நாசவேலை என்று எழுதினால், மூட்டையை மெதுவாகத் தூக்கிய கிளாஸ்கோ தொழிலாளி வெடிகுண்டு வைத்தவராகிவிடுவார்.