அலர்ட் பார்ப்பவரை மாநாட்டுக்கு அனுப்புங்கள்

செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் முதலில் அடிபடுவது பயிற்சியும் பயணமும்தான். அதிலும், மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைக் கூட்டி நடத்தும் பயனர் மாநாடு என்றால், "அது விற்பனைக் கூட்டம்தானே?" என்று கேட்டுவிடுவார்கள். சிங்கப்பூரில் மோசடித் தடுப்புப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. விற்பனைப் பேச்சு அங்கே இருக்கத்தான் செய்யும். ஆனால் மோசடி அழைப்புகளைக் கண்டுபிடிக்க நாம் பயன்படுத்தும் அதே மென்பொருளை வேறு நாட்டில், வேறு விதமான வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல இடம் கிடையாது.

மிஸ்டு கால் மோசடியை எடுத்துக்கொள்வோம். துறையில் இதை வாங்கிரி என்போம். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு முறை மணி அடித்து நின்றுவிடும். யாரோ என்னவோ என்று திருப்பி அழைத்தால், அந்த அழைப்பின் கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரருக்குப் போகும். வழக்கமாக மென்பொருளில் இதற்கு எழுதும் விதி, திருப்பி அழைப்பவர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்க்கும். அதாவது, பணம் போகத் தொடங்கிய பிறகுதான் திரையில் அலர்ட், அதாவது எச்சரிக்கை, வரும். மணி அடிக்கும்போதே ஏன் பிடிக்க முடிவதில்லை? யாரும் எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அதனால் பில்லிங்குக்குப் போகும் அழைப்பு விவரப் பதிவுகளில் பெரும்பாலும் அது இருக்காது. நம் மென்பொருளோ அந்தப் பதிவுகளைத்தான் படிக்கிறது.

ஒரு மாநாட்டின் தேநீர் இடைவேளையில், வேறு நாட்டு நிறுவனத்தில் இதே வேலை பார்க்கும் ஒரு பெண் தாங்கள் செய்ததைத் தன் நோட்டில் வரைந்து காட்டினார். அழைப்புகளை இணைக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்விட்ச் பிரிவோடு பேசி, எடுக்கப்படாத அழைப்புகளுக்கும் பதிவு உருவாக வழி செய்து, அதைத் தனியாக மென்பொருளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே எண் வரிசையிலிருந்து சில நிமிடங்களில் ஏராளமான சந்தாதாரர்களுக்கு மணி அடித்தால், அந்த வரிசைக்குத் திரும்பிப் போகும் அழைப்புகளை உடனே நிறுத்திவிடுவார்கள். "பதிவுகள் பல மடங்கு பெருகிவிடுமே?" என்று கேட்டேன். "எதையும் சேமித்து வைப்பதில்லை, எண்ணி முடித்ததும் அழித்துவிடுகிறோம்" என்றார். எங்கள் கையேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. மேடையில் ஓடிய காட்சிப்படங்களிலும் இல்லை.

சொல்வதற்கு நம்மிடமும் நிறைய இருக்கிறது. எத்தனை அழைப்பைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்று மென்பொருளோடு வரும் வரம்புகள் எல்லா நாட்டுக்கும் பொதுவாக வைக்கப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் நின்று பாருங்கள். வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள் ஊருக்குப் பேசும் நேரம் அது. ப்ரீபெய்டு சிம், ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோர், இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் நீண்ட அழைப்புகள். பொது வரம்புக்கு இது அழைப்புகளைக் கள்ளத்தனமாக விற்கும் கும்பல் போலத் தெரியும். அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு தம்பியின் இணைப்பைத் தவறாகத் துண்டிப்பதை 'பிழையான அலர்ட்' என்று கணக்கெழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. வாட்ஸ்அப் வந்த பிறகு இத்தகைய அழைப்புகள் குறைந்திருக்கின்றன, சரி. ஆனாலும் வளைகுடா நாட்டு நிறுவனத்தினரிடம் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அவர்களில் பலருக்கு அந்த விடுமுறை நாள் வெள்ளிக்கிழமை.

இன்னொன்றும் சொல்லலாம். 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து இங்கே வரும் அழைப்புகள் எண்ணின் முன்னால் கூட்டல் குறியோடு வருகின்றன. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் வரும் குறுந்தகவலுக்கு 'லைக்லி ஸ்கேம்' (மோசடியாக இருக்கலாம்) என்ற முத்திரை விழுந்தது. மோசடிக்காரர்கள் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. அடுத்தவர் பெயரில் எடுத்த உள்ளூர் சிம்களுக்கு மாறினார்கள். தன் பெயரில் உள்ள சிம்மை அப்படிக் கைமாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டம் 2025 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. நம் வழியில் இப்போது நடக்கத் தொடங்கும் நாடுகளுக்கு, ஒரு கதவை அடைத்தால் அடுத்து எந்தக் கதவைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த அனுபவம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

எதைப் பகிரலாம் என்பதில் எல்லை உண்டு. வாடிக்கையாளர் விவரம் எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது. மோசடிக்குப் பயன்படும் எண் வரிசைகள், விதியின் அமைப்பு, எது பலிக்கவில்லை என்பது ஆகியவற்றைப் பேசலாம். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் பயன்படும்.

அப்புறம், மென்பொருளை வடிவமைப்பவர்கள் நேரில் இருப்பார்கள். ஆதரவுப் பிரிவுக்கு எழுதினால் "மென்பொருள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது" என்று பதில் வந்து மூடப்படும் குறையை, நான்கு நாட்டு நிறுவனங்கள் ஒரே அறையில் எழுப்பும்போது அதன் எடையே வேறு. முதல் நாளே மற்றவர்களிடம் பேசி, ஒரே குறை உள்ளவர்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் மேலாளரை மட்டுமே அனுப்புகிறார்கள். இது சரியில்லை. சீனப் புத்தாண்டு விடுமுறை இரவில் ஏதோ ஓர் அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகத்துக்குள் (பிபிஎக்ஸ்) மோசடிக்காரர்கள் ஊடுருவி, பார்த்தறியாத நாட்டு எண்களுக்கு அழைப்புகள் பாயும்போது திரையின் முன் இருப்பவர், அலர்ட்டுகளைப் பார்க்கும் அனலிஸ்ட். எந்த அலர்ட் வீண், எந்தத் திரை மெதுவாகத் திறக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மேலாளர் போகட்டும், கூடவே அவரும் போகட்டும். திரும்பி வந்ததும், கேட்டுவந்த ஒரு விதியையாவது பழைய பதிவுகளின்மேல் ஓட்டிப் பார்க்க அவருக்கு நேரம் ஒதுக்குங்கள்.

அனுமதி கேட்டு எழுதும் அனலிஸ்டுகளுக்கு ஒரு வார்த்தை. மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை இணைத்து அனுப்பினால் போதாது. உங்கள் மென்பொருளில் இன்று பிடிபடாமல் போகும் மோசடி எது, அதைப் பற்றி எந்த நாட்டு நிறுவனத்திடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். 2024 டிசம்பர் 16 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும், மோசடி இழப்பை யார் ஏற்பது என்று சொல்லும் பொறுப்புப் பகிர்வு விதிமுறையையும் குறிப்பிடுங்கள். அதன்கீழ் வரும் மோசடிகளில், வங்கி தன் கடமையைச் செய்து, தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கடமையில் தவறியிருந்தால், வாடிக்கையாளரின் இழப்பை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். பயணச் செலவைப் பார்க்கும் மேலதிகாரி அதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.