சிக்னல் இருக்கிறது, வாட்ஸ்அப் இல்லை: சமூக ஊடகத் தடை எப்படி வேலை செய்கிறது?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி பரவியதும், வெளிநாடுகளில் இருக்கும் உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு கைத்தொலைபேசியை எடுத்தார்கள். கனடாவிலிருந்து என் சின்னம்மா வைபரில் அழைத்துப் பார்த்தார்; பிற்பகலுக்குப் பிறகு அழைப்பு வரவே இல்லை. நான் வாட்ஸ்அப்பில் "நாங்கள் பத்திரமாக இருக்கிறோம்" என்று எழுதினேன். செய்தியின் ஓரத்தில் சிறிய கடிகாரக் குறி மட்டும் நின்றது. சிக்னல் குறையவில்லை. செய்தித் தளங்கள் திறந்தன. உள்ளூர் அழைப்புகளும் போயின. இணையம் என்ற வீட்டில் சில கதவுகளை மட்டும் இலங்கை அரசாங்கம் பூட்டியிருந்தது. அந்தப் பூட்டு 9 நாட்கள் கழித்து, ஏப்ரல் 30ஆம் திகதிதான் திறந்தது.

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் சோதனைச் சாவடி இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அன்று கல்லடியிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ நகரத்துக்குள் வர 1924இல் திறந்த அந்த ஒற்றைப் பாலத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது. சாவடியில் நிற்பவர் உங்கள் பையைத் திறக்காமலே உங்களைத் திருப்பி அனுப்ப முடியும். "எங்கே போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலே அவருக்குப் போதும். நம் கைத்தொலைபேசி அனுப்பும் ஒவ்வொரு தகவலும் இணையச் சேவை தரும் நிறுவனத்தின் கருவிகள் வழியாகத்தான் வெளியே போகிறது. இலங்கையில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் சிலவே. அவை அரசின் அனுமதிப்பத்திரத்தில் இயங்குபவை. அவற்றுக்கு ஓர் அறிவுறுத்தல் போனால் நாடு முழுவதும் சாவடி முளைத்துவிடும்.

நம் கருவி ஒரு தளத்தைத் திறக்கும்போது, போகும் இடத்தை மூன்று முறை வாய்விட்டுச் சொல்கிறது. தடை போடுபவர்கள் அந்த மூன்றில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்.

முதலாவது, பெயர் கேட்கும் இடம். நாம் பெயரைத் தட்டுகிறோம், ஆனால் இணையத்துக்குத் தெரிந்தவை எண்கள்தான். "இந்தப் பெயருக்குரிய எண் என்ன?" என்று கைத்தொலைபேசி கேட்கும் கணினிக்கு டி.என்.எஸ். வழங்கி என்று பெயர். வழக்கமாக அதைச் சேவை நிறுவனமே நடத்துகிறது. தடை வந்தால் அது பொய் சொல்லத் தொடங்கும்: "அப்படி ஒரு பெயரே இல்லை." மிக மலிவான தடை இதுதான், உடைப்பதற்கும் இலகுவானது. வேறொரு வழங்கியிடம் கேட்கும்படி கைத்தொலைபேசியில் அமைப்பை மாற்றினால் பல நேரங்களில் உண்மையான எண் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கேள்வி மறைப்பில்லாமல் போனால், நடுவழியில் அதையும் மறித்துப் பொய்ப் பதிலைச் செருக முடியும்.

இரண்டாவது, எண்ணையே மறிப்பது. குறிப்பிட்ட எண்ணுக்கு, அதாவது ஐ.பி. முகவரிக்கு, போகும் தகவல் பொதிகள் எல்லாவற்றையும் சேவை நிறுவனத்தின் கருவி கீழே போட்டுவிடும். இங்கேதான் அப்பாவிகள் அடிபடுகிறார்கள். இன்று ஓர் எண்ணின் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். 2018 ஏப்ரலில் டெலிகிராமை அடக்க முயன்ற ரஷ்யா, அமேசானுக்கும் கூகுளுக்கும் சொந்தமான ஒரு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை மூடியது. சம்பந்தமே இல்லாத கடைகளும் சேவைகளும் முடங்கின. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2008 பெப்ரவரியில் பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபை மறிக்க, யூடியூபின் எண்களுக்குப் போகும் வழி இதுதான் என்று ஒரு போலி வழிகாட்டலைப் போட்டது. அது எல்லை தாண்டிக் கசிந்து, உலகின் பெரும் பகுதிக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் யூடியூப் இல்லாமல் போனது.

மூன்றாவது நுட்பமானது. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது, உரையாடல் பூட்டப்படுவதற்கு முன், நம் கருவி ஒரு வணக்கம் சொல்கிறது. ஒரே எண்ணில் பல தளங்கள் குடியிருப்பதால், தான் தேடி வந்தவரின் பெயரையும் அதில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. சாவடியில் காது கொடுத்து நிற்கும் கருவி அந்தப் பெயரைக் கேட்டதும் இணைப்பை அறுத்துவிடும்.

"வாட்ஸ்அப் மறைகுறியாக்கப்பட்டது, அதை எப்படித் தடுக்க முடியும்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளை அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு எவரும் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பூட்டியிருப்பது கடிதம் மட்டும்தான், உறையின் மேல் முகவரி இருக்கிறது. படிக்க முடியாத கடிதத்தையும் கிழித்துப் போடலாம்.

வி.பி.என். இந்தச் சாவடியைச் சுற்றிப் போகும் வழி. வெளிநாட்டில் உள்ள ஒரு கணினிக்குப் போவதாக மட்டும் நம் கருவி சொல்லும். அங்கே போன பிறகு, அந்தக் கணினி நமக்காகத் தடைபட்ட தளத்தின் கதவைத் தட்டும். ஆகவே இதுவரை நம் சேவை நிறுவனம் பார்த்ததையெல்லாம் இனி வி.பி.என். நடத்துபவர் பார்ப்பார். இலவசமாகக் கிடைக்கும் எதையும் பதறிப்போய்ப் பதிவிறக்க வேண்டாம் என்று என் மாணவர்களுக்குச் சொல்வது இதனால்தான். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இலங்கையில் மீண்டும் சமூக ஊடகத் தடை போட்டபோது அரசாங்கத்தின் அமைச்சர் ஒருவரே வி.பி.என். வழியாக வந்து, இந்தத் தடை பயனற்றது என்று எழுதினார். அந்தத் தடை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

தடையை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. வதந்தி கொல்லும் என்பதை எங்கள் கிழக்கு மாகாணம் கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் கிடந்த மாவுக் கட்டியை மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரரிடம் அதட்டிப் பெற்ற பதில் காணொளியாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுதான் என்று அரச பரிசோதனை பின்னர் காட்டியது. அப்படியொரு மாத்திரை உலகில் இல்லை என்பதை மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனால் கண்டி மாவட்டத்தில் வன்முறை பரவிய பிறகு, மார்ச் 7ஆம் திகதிதான் தடை வந்தது. வதந்தி போய்ச் சேர வேண்டிய இடங்களுக்கெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுப்பு பயணம் செய்ய வேண்டிய நாட்களில் பாதை மூடியிருந்தது. பேஸ்புக் திரும்பியது மார்ச் 15இல்.

பாதையை மூடாமல் வதந்தியின் வேகத்தைக் குறைக்க முடியாதா? முடியும். வாட்ஸ்அப்பில் பகிரப்படும் செய்தி, தான் எத்தனை கை மாறியது என்ற கணக்கைத் தன்னோடு சுமந்து செல்கிறது. உள்ளடக்கத்தை எவரும் படிக்கத் தேவையில்லை, எண்ணிக்கை போதும். ஐந்து கை மாறியதும் இரட்டை அம்புக்குறி தோன்றும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. தெருவில் வேகத்தடை போடுவது போன்ற இந்த ஏற்பாடு, தெருவையே தோண்டிப் போடுவதை விடப் பல மடங்கு மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

2024 பெப்ரவரி 1 முதல் இலங்கையில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் எது பொய்க் கூற்று என்று தீர்மானித்து அறிவித்தல் அனுப்பும் அதிகாரத்தை 5 பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்கு அது தருகிறது. சாவடியில் கேட்கும் கேள்வி இதனால் மாறுகிறது: "எங்கே போகிறீர்கள்?" என்பதோடு "என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்பதும் சேர்ந்துகொள்கிறது. தொழில்நுட்பமோ எதிர்த்திசையில் போகிறது. முதல் வணக்கத்தில் உள்ள பெயரையும் பூட்டி அனுப்பும் முறையை 2023 முதல் குரோம், பயர்பாக்ஸ் உலாவிகள் ஏற்றிருக்கின்றன.

அன்று சின்னம்மாவுக்கு நான் கடைசியில் அனுப்பியது சாதாரண எஸ்.எம்.எஸ். அது இணையத்தில் ஏறுவதே இல்லை. அழைப்புகளை இணைப்பதற்காகத் தொலைபேசி வலையமைப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பழைய தடத்தில் போகிறது. அந்தத் தடத்தில் எவரும் சாவடி போட்டிருக்கவில்லை. அவருடைய பதில் ஒரே வரியில் வந்தது: "அம்மா எங்கே?"