காசு கொடுத்துக் கீறிய பிளான் யாருடையது?

ஆரையம்பதியிலோ கல்முனையிலோ வீடு கட்டத் தொடங்குபவர்கள் பலர், "காசு குடுத்துத்தானே கீறினது, அப்ப பிளான் எங்கடதானே" என்று நினைக்கிறார்கள். கையில் உள்ள தாள் அவர்களுடையதுதான். அதிலுள்ள வடிவமைப்பின் பதிப்புரிமை பற்றுச்சீட்டோடு கைமாறுவதில்லை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கட்டடக்கலைப் படைப்புகளையும் அவற்றின் வரைபடங்களையும் பாதுகாக்கிறது. எங்கும் பதியத் தேவையில்லை. கீறியதுமே உரிமை பிறக்கிறது. கீறியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் படவரைஞர் தன் வேலையாகக் கீறியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குரியது. வெளியில் இருந்து ஒரு பிளானுக்கு இவ்வளவு என்று வாங்கிக் கீறிக் கொடுப்பவரின் நிலை வேறு. உரிமையை அவரிடம் எழுதி வாங்காத நிறுவனம் பிறகு சிக்கலில் மாட்டும்.

அதிகம் தகராறு பிறக்கும் இடம் "இலவசப் பிளான்". கட்டும் வேலையைத் தந்தால் பிளானுக்குக் காசில்லை என்பார் கொந்தராத்துக்காரர். பிளான் கைக்கு வந்ததும் வீட்டுக்காரர் அதை இன்னும் இரண்டு பேரிடம் காட்டி விலை கேட்பார். குறைத்துச் சொன்னவர் அதே பிளானை வைத்துக் கட்டத் தொடங்குவார். முதலாமவர் உழைப்பு போய்விட்டதென்று கொதிப்பார். வீட்டுக்காரரோ இலவசமாகத் தந்ததற்கு என்ன உரிமை என்பார். இரு பக்கமும் கையில் ஒரு வரி எழுத்தும் இருக்காது. கட்டும் வேலை வேறு ஆளுக்குப் போனால் பிளானுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முதல் படம் கீறும் முன்பே தொகையாக எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் சண்டையில் பாதி எழாது.

காணி வாங்கித் துண்டு போட்டு வீடு கட்டி விற்பவர்கள், ஒரு வீட்டுக்குக் கொடுத்த கட்டணத்தில் பத்து வீடு எழுப்புவதும் நடக்கிறது. இடம் வலம் மாற்றி, ஒரு யன்னலைக் கூட்டி, தாளின் ஓரத்துத் தலைப்புக் கட்டத்தில் கீறியவரின் பெயரை அழித்துவிட்டால் புதுப் பிளான் ஆகிவிடாது. பெயரை அழிப்பது தனியாக ஒரு மீறல்; படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் படைப்பாளியின் ஒழுக்க உரிமையைத் தொடுவது. சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்ற விலக்கும் இங்கு உதவாது. கட்டடமாக எழுப்புவதைச் சட்டம் அதிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. ஆனால் மூன்று அறை, முன் விறாந்தை, சாமியறை, நடுமுற்றம் என்ற யோசனைக்கு எவரும் உரிமை கோர முடியாது. பக்கத்து வீட்டைப் பார்த்து அதேபோல நடுமுற்றம் வேண்டும் என்று கேட்பதில் பிழையில்லை.

பிரதேச சபையின் முத்திரையும் உரிமைக்குச் சான்றல்ல. சபை பார்ப்பது வீதிக்கோடு, எல்லைவிலக்கு (காணி எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி), காற்றோட்டம் போன்றவற்றை.

களவெடுத்த பிளானில் உரிமையைவிடப் பெரிய ஆபத்து மண்ணில் இருக்கிறது. கல்லடி மணலுக்குக் கணக்கிட்ட அத்திவாரத்தை சம்மாந்துறையில் நிரப்பிய வயற்காணியில் அப்படியே போட்டால் சுவர் வெடிக்கும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு காணியிலும் புதிதாகப் பார்க்க வேண்டியது. பிரதி எடுத்தவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கீறியவரின் பெயர் தாளில் மிஞ்சியிருந்தால் பழி அவர் தலையில் விழும்.

கீறுபவர்கள் முதல் கைப்படங்களை எறிய வேண்டாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இலக்கமும் திகதியும் இடுங்கள். பிடிஎப் ஆக மின்னஞ்சலில் அனுப்புங்கள், அந்த மின்னஞ்சலே பிறகு சாட்சி. கணினியில் திருத்தக்கூடிய ஓட்டோகேட் கோப்பைக் கொடுப்பதா இல்லையா என்பதையும் ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுங்கள். மீறல் தெரிந்தால் அத்திவாரம் வெட்டும் கட்டத்திலேயே கடிதம் கொடுங்கள். நீதிமன்றம் தடையுத்தரவும் நட்டஈடும் வழங்கலாம். தெரிந்தே மீறியவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. லிண்டல் மட்டம் (கதவு, யன்னல்களுக்கு மேல் போடும் வளை) தாண்டிய வீட்டை நிறுத்தப் பார்ப்பதைவிட, உரிய கட்டணத்தைக் கேட்டு வாங்குவதே பெரும்பாலும் நடக்கக்கூடிய வழி.

ஒப்பந்தத்தில் இவ்வளவு இருந்தாலே போதும்: "இந்தப் பிளானை இன்ன இலக்க நில அளவைப் படத்தில் காட்டிய காணியில் ஒரு வீடு கட்ட மட்டும் பயன்படுத்தலாம். இரண்டாவது வீட்டுக்கும் வேறு காணிக்கும் கீறியவரின் எழுத்து மூலச் சம்மதமும் இத்தனை ரூபாய் கட்டணமும் தேவை. கட்டுபவர் மாறினால் பிளானுக்கான கட்டணம் இத்தனை ரூபாய்." கீழே இரு தரப்பின் கையொப்பமும் திகதியும்.