போர்டுல போடுற அந்த 100 பர்சன்ட்டை எழுதிக் குடுக்கிறவன் நான்தான்

போன வாரம் கள்ளக்குறிச்சி பக்கத்துல இருந்து ஒரு அப்பா போன் பண்ணாரு. மல்லாட்டை போடுற விவசாயி, வீட்டுல காலேஜ் வாசலை மிதிக்கப்போற மொத ஆளு அவர் பையன்தான். இன்ஜினியரிங் கட்டாஃப் 200க்கு 171. பிளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஏப்ரல்லயே ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜோட ஏஜென்ட் வீடு தேடி வந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டெல்லாம் தீந்துட்டே இருக்குங்கன்னு சொல்லி 30,000 அட்வான்ஸ் வாங்கிட்டு, பையனோட பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினலையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாரு. எதை நம்பிங்க குடுத்தீங்கன்னு கேட்டேன். "போர்டுல 100 பர்சன்ட் வேலைனு போட்டிருந்துச்சு சார்"ங்கிறாரு.

இந்த வருஷம் இது எனக்கு அஞ்சாவது போன். அதான் எழுத உக்காந்துட்டேன்.

நான் 14 வருஷமா தனியார் இன்ஜினியரிங் காலேஜுங்கள்ல பிளேஸ்மென்ட் ஆபீசரா, அதாவது கம்பெனிங்களைக் கூப்பிட்டு பசங்களுக்கு வேலை வாங்கித் தர்ற ஆளா இருக்கேன். அந்த 100 எப்படி வருதுன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. ஒரு டிபார்ட்மென்ட்ல 120 பேருன்னு வைங்க. வர்ற கம்பெனிங்க நிறைய பேரு பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூணுலயும் 60 பர்சன்ட் வேணும், கைல அரியர், அதாவது பாஸ் ஆகாத பேப்பர் இருக்கக்கூடாதுன்னு சொல்லிடுவாங்க. அதுலயே 55 பேரு அவுட்டு. மிச்ச 65 பேர்ல, தேற மாட்டாங்கன்னு தோணுற பசங்ககிட்ட "எனக்கு மேல படிக்கணும்", "எங்க அப்பா பிசினஸைப் பாத்துக்கப்போறேன்"னு ஒரு லெட்டர் எழுதி வாங்கிக்குவாங்க. இப்ப 40 பேரு. அந்த 40 பேருக்கும் ஆஃபர் வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை, 100 பர்சன்ட், போர்டு அடிக்கச் சொல்லிடலாம். "எலிஜிபிள் ஸ்டூடன்ட்ஸ்"னு அடியில எறும்பு சைஸ்ல போட்டிருப்பாங்க, பைபாஸ்ல பஸ்ல போறவருக்கு அது எங்க தெரியப்போகுது. இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது, அதான் கொடுமையே. ஒரே பொண்ணு 4 கம்பெனில செலக்ட் ஆனா 4 ஆஃபர்னு கணக்கு, போட்டோவும் 4 தடவை. அப்புறம் ஆஃபர் லெட்டர் வேற, வேலைல சேர்றது வேற. 2022ல படிப்பை முடிச்ச பசங்களைக் கேட்டுப் பாருங்க, லெட்டரை வச்சிக்கிட்டு சேரச் சொல்லி மெயில் வருமா வருமான்னு மாசக்கணக்கா உக்காந்திருந்தாங்க. ஹையஸ்ட் பேக்கேஜ்னு போடுறது ஒரே ஒரு ஆளோட சம்பளம். அது உங்க பையனா இருக்கணும்னு என்ன இருக்கு?

சரி, எதைப் பாக்குறது? மத்திய அரசு காலேஜுங்களுக்குப் போடுற ரேங்க் லிஸ்ட் என்ஐஆர்எஃப். அதுக்கு அப்ளை பண்ற காலேஜ் அந்தத் தகவலை பிடிஎஃப்பா தன்னோட வெப்சைட்லயே போட்டிருக்கும். ரேங்க்கை விடுங்க. அந்த பிடிஎஃப்ல எத்தனை பேரு சேந்தாங்க, எத்தனை பேரு 4 வருஷத்துலயே முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவுன்னு வரிசையா இருக்கும். மீடியன்னா எல்லாரையும் சம்பள வரிசைல நிக்க வச்சா நடுவுல நிக்கிற ஆளோடது. போர்டையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, போதும். அட்டானமஸ் (தானே பரீட்சை வச்சிக்கிற காலேஜ்) இல்லாத காலேஜா இருந்தா அண்ணா யுனிவர்சிட்டி விடுற பாஸ் பர்சன்டேஜ் லிஸ்ட்டையும் பாருங்க. என்பிஏங்கிற தர அங்கீகாரம் ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியாத்தான் தர்றாங்க, மெக்கானிக்கலுக்கு வாங்கினதைக் காட்டி ஏஐ கோர்ஸுல சேத்துவிடுவாங்க. நேர்ல போறப்ப ரிசப்ஷன்ல ஜூஸ் குடிச்சிட்டுத் திரும்பாம கேன்டீன்ல மூணாவது வருஷப் பசங்க ரெண்டு பேர்கிட்ட பேசுங்க, இந்த வருஷம் எத்தனை வாத்தியார் வேலையை விட்டுப் போனாங்கன்னு கேளுங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை காலேஜ் வச்சிக்கக் கூடாதுன்னு மத்திய அரசோட யுஜிசி 2018லயே சொல்லியாச்சு. சரிபாத்துட்டு கையோட திருப்பித் தரணும். ஏஜென்ட் கையில குடுக்கவே குடுக்காதீங்க, ப்ளீஸ். ரசீது இல்லாத டொனேஷனும் வேணாம், இப்படி ஃபீஸுக்கு மேல கறக்குற கேப்பிடேஷன் ஃபீஸுக்கு எதிரா நம்ம ஸ்டேட்ல 1992லயே சட்டம் வந்தாச்சு.

இன்னொண்ணு, வீட்டுல மொத டிகிரி படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் பட்டதாரி ஃபீஸ் சலுகை, கட்டாஃப் வரிசைல அரசு சீட் ஒதுக்குற கவுன்சிலிங் வழியா சேந்தாத்தான். காலேஜே நேரா குடுக்கிற மேனேஜ்மென்ட் கோட்டாவுல போனா கிடையாது. அந்த அப்பாவோட பையனுக்கு இருந்த கட்டாஃபுக்கு அதே காலேஜ், அதே கோர்ஸ் கவுன்சிலிங்லயே கெடைக்கும்! எந்தக் காலேஜ், எந்த கோர்ஸ் வேணும்னு வரிசையா குடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங்ல எவ்வளவு வேணா போடலாம், 10 போட்டுட்டு நிறுத்தாதீங்க. பேரைப் பாக்காம காலேஜ் கோடைப் பாத்துப் போடுங்க, ஒரே மாதிரி பேர்ல நாலஞ்சு காலேஜ் இருக்கு.

ஏற்கனவே சேந்துட்ட தம்பி தங்கச்சிங்களா, உங்களுக்கும் ஒண்ணு. கம்பெனிங்க கடைசி வருஷ ஆரம்பத்துலயே வந்துடும், அப்ப உங்க கையில இருக்கிறது 6 செமஸ்டர் மார்க்குதான். ஏழாவது செமஸ்டர்ல முழிச்சிக்கிட்டு என் ரூம் வாசல்ல வந்து நின்னா நான் என்ன பண்ணட்டும்? மொத செமஸ்டர் மேத்ஸ்ல அரியர் வைக்காதீங்க, அங்கதான் பாதிப் பேரு வழுக்குறாங்க. சில கம்பெனி அரியரை கிளியர் பண்ணிட்டாக்கூட ஹிஸ்டரில இருந்துச்சான்னு கேக்குறான். உங்க காலேஜ்ல ஒரு பேப்பர் சரியா நடத்தலையா, என்பிடெல்ங்கிற ஆன்லைன் தளத்துல ஐஐடி வாத்தியாருங்க நடத்துறது சும்மாவே கெடைக்குது, பரீட்சை எழுதினாத்தான் காசு. ரெண்டாவது வருஷத்துல இருந்தே உருப்படியா ஏதாவது ஒண்ணு சொந்தமா செஞ்சு வைங்க, காசு குடுத்து வாங்கின ப்ராஜெக்ட்டை இன்டர்வியூல மூணாவது கேள்வியிலயே கண்டுபிடிச்சிடுவாங்க. (ரெஸ்யூம்ல ஹாபினு "பாட்டு கேக்குறது" எழுதாதீங்கப்பா, முடியல.)

அந்த அப்பா விஷயத்துக்கு வர்றேன். பையன் கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷனே போடல, ஏஜென்ட் தேவையில்லன்னு சொல்லிட்டாராம். கடைசி தேதிக்கு 4 நாள்தான் பாக்கி. அன்னிக்கே கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போங்க, இ-சேவைல முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்குப் போடுங்க, மார்க் ஷீட்டைக் கேட்டு காலேஜுக்கு எழுத்துல குடுங்கன்னு சொன்னேன். நேத்து திரும்பக் கூப்பிட்டாரு. அப்ளிகேஷன் போட்டாச்சாம், மார்க் ஷீட்டும் கைக்கு வந்துடுச்சாம், அட்வான்ஸைக் கேட்டா மட்டும் மேனேஜர் லீவுன்னு சொல்றாங்களாம்.